நாலாவது ஆணி

என் ஊர் கோமாரி.
மாட்டின் வாயையும் காலையும் புண்ணாக்கும் நோய்க்கும்
அதுதான் பெயர்.
குளம்பு சீவுகிறவனுக்கு இப்படியொரு முகவரியா என்று
பொத்துவில் சந்தியில் ஆட்டோக்காரர் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.

தோஹாவில் ஒன்பது வருடம்
பிறருடைய குதிரைகளின் கால்களைத்
தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டு நின்றவன் நான்.
இங்கே எனக்கு இருப்பது ஒரே ஒரு குதிரை,
அதுவும் நுஸ்கியுடையது.
நுவரெலியாவில் ஓடிக் களைத்து
லொறியில் வந்து இறங்கிய செம்பட்டைப் பெட்டை.
பந்தயப் புத்தகத்தில் நீளமான பெயர்;
நுஸ்கி அவளை மிளகி என்பான்.
வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஏற்றி
உல்லைக் கரையில் நடத்துவான்.

ஆறாம் மாதம். அலைக்கு வந்த ஆட்களால்
கடற்கரை நிறைந்திருந்த நேரம்.
"நொண்டுது குலேந்திரன், கெதியா வா."

முன்வலது காலை
வெயிலில் காய்ந்த தகரத்தில் வைப்பதுபோல் வைத்தாள்.
"சிப்பி கிழிச்சிருக்கும்" என்றான்.
கணுவுக்குக் கீழே விரல் வைத்தேன்.
சுகமான குதிரைக்கு அங்கே நாடியைத் தேடவேண்டும்.
அன்று அது என் விரலைத் தேடி வந்தது.

குறடால் விளிம்பைச் சுற்றி அழுத்தினேன்.
முதல் ஆணி, ஒன்றுமில்லை.
இரண்டாவது. மூன்றாவது. காதை ஆட்டினாள், அவ்வளவுதான்.
நாலாவதில்
முழு உடம்பையும் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அது நான் அடித்த ஆணி.
ஐந்து கிழமைக்கு முன், பொழுது பட்ட பிறகு,
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
வெளிப்பக்கம் மூன்று போதும் என்று கைக்குத் தெரிந்திருந்தது.
மணலில் கழன்றுவிட்டால் நுஸ்கி ஏசுவானே என்று
இன்னொன்று.

குளம்பின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும்.
அதற்கு வெளியே வெறும் நகம். உள்ளே உயிர்.
ஆணி கோட்டைத் தாண்டினால் சுத்தியலின் ஓசை மாறும்,
'டக்' என்பது 'தொப்' என்றாகும்.
மாறியதை அன்று கேட்டேன்.
அலைச்சத்தம் என்று வைத்துக்கொண்டேன்.

நுஸ்கி சொன்ன சிப்பி
இன்னும் எங்கள் நடுவில் கிடந்தது.
குனிந்து எடுத்துக்கொண்டால் போதும்.
குதிரை யாருக்கும் சொல்லாது.

"சிப்பியில்லடா. என்ர ஆணி."

கடலைப் பார்த்தான். மறுகா, "எத்தின நாள்?" என்றான்.
"பத்து."
பத்து நாள் கூலியை
உதடு அசைய எண்ணினான்.

லாடத்தைக் கழற்றி
வளைகத்தியால் ஆணித்துளை வழியே சுரண்டச் சுரண்ட
கறுப்பாய் வந்தது, தேக்கரண்டி அளவுகூட இல்லை,
கூழ்முட்டை நாற்றம்.
மிளகி நீளமாய் மூச்சு விட்டாள்.

வெந்நீரும் உப்பும் போட்ட வாளியில் அரைமணி நேரம்.
அதற்குப் பிறகு கட்டுவதற்குப் பம்பர்ஸ்.
குளம்புக்கு அதைவிட நல்ல கட்டு தோஹாவிலும் இல்லை.
கடையில் போய்க் கேட்டேன்,
நாற்பத்துநாலு வயது, கலியாணம் கட்டாதவன்.
"என்ன பிள்ளை கிடைச்ச?" என்றாள் கல்லாவில் இருந்தவள்.
"பொம்புள. நானூறு கிலோ."

தினமும் போய்க் கட்டு மாற்றினேன். காசு பேசவில்லை.
நுஸ்கியும் பேசவில்லை,
ஒன்பதாம் நாள் வரைக்கும்.
அன்று காலைத் தூக்கி நான் சீவிக்கொண்டிருக்க
அடியில் விரலை நீட்டி, "இது என்ன?" என்றான்.

நடுவில் முக்கோணமாய் ஒரு மெத்தை.
மண்ணில் அது அமுங்க அமுங்கத்தான்
இரத்தம் மேலே ஏறும்.
அரபிக்காரன் அதைக் கழுகு என்பான்.
இங்கிலீஷ்காரனுக்கு அது தவளை.
"தமிழில?"
"தெரியாது."
"ஒன்பது வருசம் புடிச்சிருக்காய்."
"ஓம்."

பதினோராம் நாள் விடிய, கடல் வற்றிக் கிடந்தது.
லாடமில்லாமல் ஈரமணலில் அவளை நடத்திப் போனான்.
நான் பின்னால் குனிந்தபடி
தடங்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.
முன்வலது. முன்இடது. முன்வலது.
ஒரே ஆழம்.
நம்பாமல் இன்னும் கொஞ்சத் தூரம் போனேன்.